நீச்சல் குளத்துக்கு எந்த ஹீட்டர்? கோவையில் திறந்தவெளிக் குளம், குளிர்காலக் காலைகள்

வடவள்ளி வாசி | நவம்பர் 18, காலை 7.10

அனைவருக்கும் வணக்கம். கோவை வடவள்ளியில் 64 வீடுகள் உள்ள எங்கள் குடியிருப்பின் சங்கச் செயலாளராக இந்த ஆண்டு பொறுப்பேற்றிருக்கிறேன். எங்களிடம் ஒரு திறந்தவெளி நீச்சல் குளம் இருக்கிறது. நீளம் 15 மீட்டர், அகலம் 7 மீட்டர், சராசரி ஆழம் 1.2 மீட்டர். தீபாவளி முடிந்ததும் குளத்தில் ஆள் நடமாட்டம் நின்றுவிடும். மாசி பிறந்த பிறகுதான் குழந்தைகள் மறுபடி இறங்குவார்கள். கட்டிய நாளிலிருந்து இப்படித்தான்.

சென்ற டிசம்பரில் ஒரு வாரம் தொடர்ந்து காலை 6 மணிக்கு வெப்பமானியை இறக்கிப் பார்த்தேன். 23 டிகிரி, சில நாள் அதற்கும் கீழே. நீச்சல் கற்றுக்கொள்ளும் 6 வயதுக் குழந்தை பத்து நிமிடத்தில் உதடு நீலமாகி மேலே ஏறிவிடுகிறது. மூட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெரியவர் ஒருவர் இருக்கிறார். தண்ணீருக்குள் நடக்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். அவரும் நான்கு மாதம் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

மூன்று நிறுவனங்களிடம் விலைப்புள்ளி வாங்கினேன். ஒருவர் 36 கிலோவாட் மின்சார ஹீட்டர் என்கிறார், இன்னொருவர் கேஸ் ஹீட்டர் என்கிறார், மூன்றாமவர் ஹீட் பம்ப் என்கிறார். ஒவ்வொருவரும் மற்ற இரண்டும் வீண் என்று சாதிக்கிறார்கள். பொதுப்பணம் என்பதால் தவறான முடிவெடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. அனுபவப்பட்டவர்கள் வழிகாட்டுங்கள்.

---

தெளிநீர் | நவம்பர் 18, காலை 9.45

வணக்கம் சார். கோவை, திருப்பூர் வட்டாரத்தில் 22 ஆண்டுகளாகக் குளம் பராமரிக்கும் வேலை செய்கிறேன். எந்த ஹீட்டர் என்று நீங்கள் கேட்பதற்கு முன், நான் சில கேள்விகள் கேட்க வேண்டியிருக்கிறது.

குளத்தில் தினமும் ஆள் இறங்குவார்களா, சனி ஞாயிறு மட்டுமா? இறங்குவது காலையிலா, மாலையிலா? எத்தனை டிகிரி வேண்டும்? குளத்தின் மேற்குப் பக்கம் சுவர் இருக்கிறதா, திறந்து கிடக்கிறதா? இரவில் குளத்தை மூட விரிப்பு ஏதாவது வைத்திருக்கிறீர்களா?

கடைசி இரண்டு கேள்விகளுக்குத்தான் முதலில் பதில் வேண்டும். மேற்கே மலை இடைவெளி வழியாக வரும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நம் ஊருக்கு வரம்தான், ஆனால் குளத்துக்குப் பகை. ஆடி மாதத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் சில்லென்று இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். காற்று ஆவியை வாரிக்கொண்டு போகிறது, ஆவியோடு வெப்பமும் போய்விடுகிறது. அடைக்காத ஓட்டைப் பானையில் எவ்வளவு ஊற்றினாலும் நிற்காது.

---

வடவள்ளி வாசி | நவம்பர் 18, பிற்பகல் 1.20

நன்றி அண்ணா. வாரம் ஆறு நாள் காலை 6.30 முதல் 8.30 வரை, மாலையில் 4.30 முதல் 6.30 வரை பயன்படுத்துவோம். திங்கட்கிழமை சுத்தம் செய்யும் நாள். 28 டிகிரி இருந்தால் போதும் என்று நினைக்கிறேன். மேற்கில் கம்பி வேலி மட்டும்தான், அதற்கு அப்பால் தோப்பு. விரிப்பு எதுவும் கிடையாது. யாரும் அதைப் பற்றிச் சொன்னதே இல்லை.

---

அனல்கணக்கு | நவம்பர் 18, இரவு 8.05

ஆலை ஒன்றில் கொதிகலன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். விலைப்புள்ளிகளை ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் தண்ணீரின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

உங்கள் குளத்தில் 126 கிலோலிட்டர் தண்ணீர் இருக்கிறது. ஒரு கிலோலிட்டரை ஒரு டிகிரி சூடேற்ற 1.163 யூனிட் (கிலோவாட் மணி) வெப்பம் வேண்டும். ஆக, உங்கள் குளம் ஒரு டிகிரி ஏற 147 யூனிட். 23-லிருந்து 28-க்குப் போக ஏறத்தாழ 733 யூனிட். இது எந்த ஹீட்டர் வாங்கினாலும் மாறாது. அந்த 733-ஐ எந்த வழியில், என்ன விலைக்கு வாங்குகிறோம் என்பதில்தான் வேறுபாடு.

மின்சார ஹீட்டர் என்றால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம். யூனிட் 9 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், முதல் தடவை சூடேற்றவே ஏறத்தாழ 6,600 ரூபாய். கேஸ் என்றால், 19 கிலோ வணிக சிலிண்டரில் ஏறத்தாழ 240 யூனிட் வெப்பம் அடங்கியிருக்கிறது. புகையோடு போவது போக 190 யூனிட் அளவுக்குத் தண்ணீருக்கு வந்து சேரும். முதல் தடவைக்கு நான்கு சிலிண்டர். ஹீட் பம்ப் என்பது வெப்பத்தை உண்டாக்குவதில்லை. வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை இழுத்துத் தண்ணீரில் சேர்க்கிறது. குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கம் சூடாக இருக்கிறதே, அதே வேலை. கோவையின் பகல் காற்றுக்கு ஒரு யூனிட் மின்சாரத்தில் ஐந்து யூனிட் வெப்பம் எதிர்பார்க்கலாம். அப்படியானால் 147 யூனிட், ஏறத்தாழ 1,320 ரூபாய்.

ஆனால் முதல் தடவைச் செலவை வைத்து முடிவெடுக்காதீர்கள். தினசரி இழப்புதான் உங்கள் பணத்தைத் தின்னும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 0.67 யூனிட் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. உங்கள் குளத்தின் பரப்பு 105 சதுர மீட்டர். காற்றடிக்கும் நாளில் 6 மில்லிமீட்டர் நீர்மட்டம் இறங்கினால் 630 லிட்டர் போயிற்று, 420 யூனிட்டுக்கு மேல் வெப்பமும் போயிற்று. இது குளத்தின் மூன்று டிகிரிக்குச் சமம். பகல் வெயில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கும். இரவில் யார் கொடுப்பார்?

தெளிநீர் சொன்னது முற்றிலும் சரி. திறந்தவெளிக் குளம் இழக்கும் வெப்பத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் ஆவியாதலால் போகிறது என்று அமெரிக்க எரிசக்தித் துறையும் சொல்கிறது. விரிப்பு இல்லாமல் ஹீட்டர் வாங்கும் எந்தத் திட்டத்துக்கும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

---

மொட்டைமாடி | நவம்பர் 19, காலை 6.30

சென்னையிலிருந்து எழுதுகிறேன். மூவரும் சூரியனை ஏன் விட்டுவிட்டீர்கள்? எங்கள் குடியிருப்பில் ஐந்து ஆண்டுகளாகச் சூரிய வெப்பத்தில்தான் குளம் ஓடுகிறது. எரிபொருள் செலவு கிடையாது.

பலர் இங்கே குழம்புகிறார்கள். வீட்டுக் குளியலறைக்கு மாடியில் வைக்கும் கண்ணாடிக் குழாய் ஹீட்டர் வேறு, குளத்துக்கான பாய் வேறு. வீட்டுக்கு வேண்டியது கொஞ்சம் தண்ணீர், 60 டிகிரி. குளத்துக்கு வேண்டியது ஏராளமான தண்ணீர், ஒன்றிரண்டு டிகிரி கூடுதலாக. அதற்குக் கண்ணாடி தேவையில்லை. கறுப்பு பாலிப்ரொப்பிலீன் குழாய்கள் நெருக்கமாக இணைந்த பாய்களை மாடியில் விரித்து, குளத்து மோட்டாரே தண்ணீரை அவற்றின் வழியாகச் சுற்றிவரச் செய்கிறது. பாய் சூடாக இருக்கும்போது மட்டும் வால்வு திறக்க ஒரு கட்டுப்பாட்டுக் கருவி உண்டு.

இன்னொரு பலனும் இருக்கிறது. சித்திரை, வைகாசியில் எங்கள் குளம் 32 டிகிரியைத் தாண்டிவிடும், அதில் நீந்தினால் மூச்சு முட்டும். அப்போது அதே பாய்களில் இரவில் தண்ணீரைச் சுற்றவிடுகிறோம். வானத்தைப் பார்த்துக் கிடக்கும் பாய் வெப்பத்தை வெளியேவிட்டுத் தண்ணீரைக் குளிர்விக்கிறது.

---

அனல்கணக்கு | நவம்பர் 19, காலை 10.15

மொட்டைமாடி சொல்லும் முறை எனக்கும் பிடித்தமானதுதான். குளத்துக்குத் தேவைப்படும் மிதமான வெப்பத்தை வெயில் அளவுக்கு மலிவாகத் தருவது வேறில்லை. ஆனாலும் இரண்டு தடைகளைச் சொல்ல வேண்டும்.

முதலாவது இடம். பாயின் பரப்பு குளத்தின் பரப்பில் குறைந்தது பாதி, நம் நோக்கத்துக்கு முக்கால் பங்காவது வேண்டும். வடவள்ளிக் குளத்துக்கு 80 சதுர மீட்டர் மாடி, அதுவும் நிழல் விழாமல். மாடியில் தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி, வீட்டு ஹீட்டர் எல்லாம் போக எவ்வளவு மிச்சம் என்று செயலாளர்தான் ஏறிப் பார்த்துச் சொல்ல வேண்டும். இரண்டாவது காலம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வானம் மூடிக்கிடக்கும்போதுதான் குளம் குளிரத் தொடங்குகிறது. நமக்கு வெப்பம் தேவைப்படும் முதல் ஆறு வாரத்தில் சூரியன் கைகொடுப்பது நிச்சயமில்லை. மார்கழி, தை மாதங்களில் கோவைக்கு நல்ல வெயில் உண்டு. ஆகவே சூரியப் பாய் தனியாக நின்றால் சில வாரம் கைவிடும், வேறொன்றோடு சேர்ந்தால் நன்றாக உழைக்கும்.

---

ஸ்கார்பரோ சிவா | நவம்பர் 19, இரவு 11.50

கனடாவில் இருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டுப் பின்வளவில் 60 கிலோலிட்டர் நீச்சல் தடாகம் இருக்கிறது. இங்கே பெரும்பாலானோர் இயற்கை எரிவாயு வெப்பமாக்கிதான் வைத்திருக்கிறார்கள். காரணத்தைச் சொன்னால் உங்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

எரிவாயு குழாய் மூலமாக வீட்டுக்கே வருகிறது, விலையும் குறைவு. தடாகத்தை நாங்கள் மே கடைசியிலிருந்து செப்டெம்பர் வரைதான் திறந்து வைக்கிறோம். கிழமை நாட்களில் வேலை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். சனி ஞாயிறில்தான் இறங்குவோம். எனது இயந்திரம் மணிக்கு 2,50,000 பிரித்தானிய வெப்ப அலகு (BTU). மணித்தியாலத்துக்கு ஒரு பாகைக்கு (டிகிரிக்கு) சற்றுக் குறைவாக ஏற்றிவிடும். வெள்ளி இரவு போட்டால் சனி காலை தயார். ஹீட் பம்ப் இவ்வளவு விரைவாக ஏற்றாது, அது மெல்ல ஏற்றி நிலையாகப் பிடித்து வைக்கும் இயந்திரம்.

தினமும் நீந்துகிற உங்களுக்கு எனது முறை பொருந்தாது. இணையத்தில் வட அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துவிட்டு கேஸ்தான் சிறந்தது என்று யாரும் முடிவெடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே எழுதினேன். சிலிண்டர் மாற்றி மாற்றி ஒரு பெரிய தடாகத்தைச் சூடாக வைத்திருப்பது எவ்வளவு சிரமம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

---

குன்னூர்ப் பனி | நவம்பர் 20, காலை 8.40

சிவா அண்ணா சொன்ன மாதிரி இடத்துக்கு இடம் கணக்கு மாறுகிறது. குன்னூரில் நாங்கள் ஒரு சிறிய தங்கும் விடுதி நடத்துகிறோம். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஹீட் பம்ப் வாங்கினோம். விற்றவர் காட்டிய தாளில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஆறு யூனிட் வெப்பம் என்று இருந்தது. அந்த எண்ணுக்குக் கீழே சிறிய எழுத்தில் காற்று 27 டிகிரி, தண்ணீர் 27 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று எழுதியிருந்ததை நாங்கள் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் ஜனவரி இரவில் 27 டிகிரிக் காற்றுக்கு எங்கே போவது?

இரவில் ஓடவிட்டபோது வெளித்தகடுகளில் வெண்பனி படிந்துவிட்டது. இயந்திரம் தன் பனியைத் தானே உருக்கிக்கொள்ள நின்று நின்று ஓடியது. தண்ணீர் ஏறவே இல்லை. பிறகு ஒரு மெக்கானிக் சொல்லித்தான் பகல் 10 மணி முதல் 4 மணி வரை மட்டும் ஓட்டத் தொடங்கினோம். இப்போது பரவாயில்லை, ஆனால் தாளில் இருந்த ஆறு எங்களுக்கு நான்கைக் கூடத் தொட்டதில்லை.

கேஸுக்கு மாறலாமா என்று விசாரித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. உயரம் கூடக் கூடக் காற்று மெலிந்துவிடுவதால் கேஸ் ஹீட்டரின் திறனும் குறைகிறது. 300 மீட்டருக்கு ஏறத்தாழ 4 சதவீதம் கழித்துக் கணக்கிடுவது வழக்கமாம். எங்கள் உயரத்துக்கு ஏறத்தாழ கால் பங்கு போய்விடும். மலையில் இருப்பவர்கள் இதைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

---

தெளிநீர் | நவம்பர் 20, மாலை 5.30

அம்மா, உங்கள் பதிவைச் செயலாளர் பல தடவை படிக்க வேண்டும். விவரத்தாளில் இரண்டு எண்கள் இருக்கும். 27 டிகிரிக் காற்றுக்கு ஒன்று, 15 டிகிரிக் காற்றுக்கு ஒன்று. விற்பவர்கள் முதல் எண்ணை மட்டும் வாய்விட்டுச் சொல்வார்கள். இரண்டையும் எழுதித் தரச் சொல்லுங்கள். கோவைக்கு இரண்டுக்கும் நடுவில் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது மின்சார ஹீட்டர் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் 36 கிலோவாட் விலைப்புள்ளியைப் பார்த்ததும் எனக்குக் கவலை வந்துவிட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பண்ணை வீட்டில் மின்சார ஹீட்டர் அடிக்கடி டிரிப் ஆகிறது என்று கூப்பிட்டார்கள். கழற்றி வெளியே இழுத்தேன். உள்ளே இருந்த கம்பிச் சுருள் கண்ணுக்கே தெரியவில்லை. விரல் தடிமனுக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அப்பியிருந்தது. திருப்புளியால் தட்டியதும் ஒரு பக்கம் முட்டை ஓடு போல உடைந்து விழுந்தது, அதற்குள் கம்பி கருகி வெடித்திருந்தது. போர்வெல் தண்ணீர். சுண்ணாம்பு குறைந்த சிறுவாணி அணைத் தண்ணீரைக் குளத்துக்கு நிரப்பும் வசதி நம் ஊரில் எத்தனை பேருக்கு இருக்கிறது? கடினநீர் எங்கே அதிகம் சூடாகிறதோ அங்கே சுண்ணாம்பைக் கக்கும், அந்த இடம் ஹீட்டரின் கம்பிதான்.

மின்சார ஹீட்டர் கெட்டது என்று நான் சொல்லவில்லை. மூன்று நான்கு பேர் உட்காரும் சிறு தொட்டிக்கு அது போதும், வாங்கும் விலையும் குறைவு. 126 கிலோலிட்டருக்கு அது வேண்டாம். 36 கிலோவாட் கூடுதல் மின்சுமைக்கு அனுமதி வாங்குவதே ஒரு தனி வேலை.

---

நிலாவின் அம்மா | நவம்பர் 20, இரவு 9.25

இந்த உரையாடலை நேற்றிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். என் மகளுக்கு 9 வயது. பெருமூளை வாதம் காரணமாகக் கால் தசைகள் இறுகியிருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் அந்த இறுக்கம் தளர்வதைக் கையால் தொட்டே உணர முடிகிறது. முழங்காலை நான் பிடித்திருக்கும்போது முதலில் மரக்கட்டை போல இருக்கும், ஐந்தாறு நிமிடத்தில் மெல்ல மடியத் தொடங்கும். குளிர்ந்த தண்ணீரில் நேர்மாறாக இன்னும் இறுகிவிடும். அவளுடைய பயிற்சியாளர் 33 டிகிரியாவது வேண்டும் என்கிறார். எங்கள் குடியிருப்பிலும் குளம் இருக்கிறது. அதை 33-க்கு ஏற்றச் சொல்லிச் சங்கத்திடம் கேட்கலாமா?

---

அனல்கணக்கு | நவம்பர் 21, காலை 7.00

அம்மா, கேட்பதில் தவறே இல்லை. ஆனால் கேட்கும் முன் இதையும் எண்ணிப் பாருங்கள். ஒரு குளம் எல்லோருக்கும் ஏற்ற வெப்பத்தில் இருக்க முடியாது. உலக நீர் விளையாட்டுக் கூட்டமைப்பின் விதிப்படி போட்டிக் குளம் 25-லிருந்து 28 டிகிரிக்குள் இருக்க வேண்டும், வேகமாக நீந்துபவர் உடம்பு தானே சூடாகிவிடும். சிகிச்சைக் குளங்கள் 33-லிருந்து 35 வரை வைக்கப்படுகின்றன. 33 டிகிரியில் ஒருவர் மூச்சு வாங்க நீந்தினால் தலைசுற்றல் வரலாம். மேலும் தண்ணீர் சூடேறச் சூடேற ஆவியாதல் வேகமெடுக்கும். 28-லிருந்து 33-க்குப் போனால் ஐந்து டிகிரிக்கான செலவு மட்டுமல்ல, தினசரி இழப்பே பெருகிவிடும்.

உங்கள் மகளுக்காகச் சங்கத்திடம் நீங்கள் கேட்க வேண்டியது வேறு. 4 மீட்டருக்கு 3 மீட்டர், ஆழம் ஒரு மீட்டர் சொச்சம் உள்ள ஒரு தனித் தொட்டி, மேலே கூரையோடு. அதில் 13 கிலோலிட்டர்தான் பிடிக்கும். ஒரு டிகிரிக்கு 15 யூனிட் வெப்பம் போதும். சிறிய ஹீட் பம்ப் ஒன்று தாராளமாகச் சமாளிக்கும். மூட்டு வலி உள்ள பெரியவர்களும் அதையே பயன்படுத்துவார்கள் என்று எடுத்துச் சொன்னால் பலரும் உங்கள் பக்கம் நிற்பார்கள். சுற்றிலும் சுவர் வைத்து முழுவதும் மூடிவிட வேண்டாம். ஈரக்காற்று வெளியேற வழியில்லாவிட்டால் கூரை இரும்பு துருப்பிடித்துவிடும்.

---

நிலாவின் அம்மா | நவம்பர் 21, காலை 9.10

மிக்க நன்றி ஐயா. எங்கள் கட்டடத்தில் குழந்தைகளுக்கென்று ஆழமற்ற சிறு குளம் ஒன்று யாரும் தொடாமல் வறண்டு கிடக்கிறது. அதை மாற்றிக் கட்ட முடியுமா என்று இன்றே பேசுகிறேன்.

---

வடவள்ளி வாசி | நவம்பர் 23, மாலை 6.15

மாடியில் ஏறி அளந்தேன். நிழல் படாத இடம் 35 சதுர மீட்டர்தான். சூரியப் பாய்க்குப் போதாது. மொட்டைமாடி நண்பருக்கு நன்றி, எங்கள் கட்டடம் இடம் கொடுக்கவில்லை.

தெளிநீர் அண்ணா, ஹீட் பம்ப் என்று மனம் ஒருவழியாகத் தீர்மானித்துவிட்டது. எவ்வளவு திறன் வாங்க வேண்டும்? பொருத்தும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

---

தெளிநீர் | நவம்பர் 23, இரவு 10.00

திறன் வெப்பத்தில் 25 கிலோவாட், மின்சாரத்தில் ஐந்து ஆறு கிலோவாட். த்ரீ ஃபேஸ் இணைப்பு. முதல் தடவை இரவும் பகலும் ஓட்டினாலும் 28-க்கு ஏற இரண்டு மூன்று நாள் ஆகும், அதற்காகப் பெரிதாக வாங்காதீர்கள். விரிப்பு போட்டபின் தினமும் ஒரு டிகிரி சொச்சம் ஈடுகட்டினால் போதும், ஏழு மணி நேர ஓட்டத்தில் முடிந்துவிடும். பகல் 10 முதல் 5 வரை ஓட்டுங்கள். காற்று சூடாக இருக்கும் நேரத்தில் வெப்பத்தைச் சேர்த்து, இரவில் விரிப்புக்குக் கீழே காத்து, விடிகாலையில் பயன்படுத்துவதுதான் முறை. விடிகாலைக்கு வேண்டும் என்று விடிகாலையில் ஓட்டுபவர்கள் மின்சாரத்தை வீணாக்குகிறார்கள்.

உள்ளே தண்ணீர் ஓடும் சுருள் டைட்டானியமாக இருக்க வேண்டும். செம்புச் சுருள் கொஞ்சம் விலை குறைவு என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். குளோரின் தண்ணீரின் அமிலத்தன்மை ஒருமுறை தவறினால் போதும், செம்பு கரையத் தொடங்கும், குளத்துச் சுவரில் நீலப்பச்சைக் கறை படியும்.

குழாய் வரிசையை நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள். மோட்டார், அடுத்து ஃபில்டர், அடுத்து ஹீட்டர், கடைசியில்தான் குளோரின் சேரும் இடம். குளோரினுக்கும் ஹீட்டருக்கும் நடுவே, தண்ணீர் பின்னோக்கி வராமல் தடுக்கும் வால்வு கட்டாயம். ஹீட்டரைச் சுற்றிப் போக ஒரு மாற்றுவழிக் குழாயும் வைக்கச் சொல்லுங்கள், பழுது பார்க்கும் நாளில் குளம் நிற்காது. உங்கள் காவலாளியோ தோட்டக்காரரோ குளோரின் மாத்திரையை ஸ்கிம்மர் கூடையில் (மிதக்கும் இலை தழையைப் பிடிக்கும் கூடை) போடும் பழக்கம் வைத்திருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். மாத்திரை கரையும் தண்ணீர் கடும் அமிலம், அது நேராக ஹீட்டருக்குள்தான் போகும். நான் மாற்றிக் கொடுத்த ஹீட்டர்களில் பாதி இப்படிச் செத்தவை.

இயந்திரத்தை மோட்டார் அறைக்குள் வைக்க வேண்டாம். அது குளிர்ந்த காற்றை ஊதித் தள்ளும். மூடிய அறையில் அந்தக் காற்றையே திரும்பத் திரும்ப இழுத்துத் தானும் குளிர்ந்து நின்றுவிடும். திறந்த இடம் வேண்டும், ஆனால் யாருடைய படுக்கையறை ஜன்னலுக்கும் கீழே வேண்டாம், விசிறிச் சத்தம் இருக்கும்.

அடுத்தது விரிப்பு. குமிழ் உள்ள பிளாஸ்டிக் விரிப்பில் குமிழ்ப் பக்கம் தண்ணீரைத் தொட வேண்டும், பலர் தலைகீழாகப் போடுகிறார்கள். சுருட்ட உருளை வாங்குங்கள். உருளை இல்லாவிட்டால் இரண்டு வாரத்தில் விரிப்பு மூலையில் கிடக்கும்.

இதைக் கடைசியாகச் சொல்கிறேன், உங்கள் அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள். அந்த விரிப்பு குழந்தையைத் தாங்காது. தரை போலத் தெரியும், கால் வைத்தால் உள்ளே இழுத்துக்கொண்டு மேலே மூடிக்கொள்ளும். குளத்தில் யார் இறங்குவதானாலும் விரிப்பு முழுவதும் சுருட்டப்பட்டிருக்க வேண்டும், பாதி சுருட்டியது போதாது. விரிப்பு போட்ட நேரத்தில் வேலிக்கதவு பூட்டியிருக்க வேண்டும். எர்த் இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியும் இல்லாமல் எந்த ஹீட்டரையும் இயக்க அனுமதிக்காதீர்கள். வாளியில் போடும் கம்பி ஹீட்டரைக் குளத்தில் தொங்கவிட்ட ஒரு வீட்டை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அன்று யாரும் உள்ளே இல்லை என்பதால் தப்பினார்கள்.

---

வடவள்ளி வாசி | டிசம்பர் 14, காலை 8.00

எண்களோடு வந்திருக்கிறேன். செயற்குழுவில் பேசி முதலில் விரிப்பும் உருளையும் மட்டும் வாங்கினோம். மேற்கு வேலியில் ஆள் உயரத்துக்கு மூங்கில் தட்டி அடைத்தோம்.

விரிப்பு வருவதற்கு முந்தைய இரவு: மாலை 6.30-க்கு 25.4, காலை 6-க்கு 23.2. விரிப்பு போட்டு ஏழாம் இரவு: மாலை 25.9, காலை 25.0. ஹீட்டர் இன்னும் வரவில்லை, அதற்குள்ளாகவே காலைத் தண்ணீர் ஏறத்தாழ இரண்டு டிகிரி ஏறியிருக்கிறது. முன்பு ஒன்றுவிட்டு ஒரு நாள் தண்ணீர் நிரப்பினோம், இந்த வாரம் ஒருமுறைதான்.

காவலாளியிடம் குளோரின் மாத்திரை பற்றிக் கேட்டேன். நான்கு ஆண்டுகளாக ஸ்கிம்மர் கூடையில்தான் போட்டுவந்தாராம்.

---

அனல்கணக்கு | டிசம்பர் 14, காலை 11.20

இரவு இழப்பு 2.2-லிருந்து 0.9-க்கு இறங்கியிருக்கிறது. உங்கள் குளத்தில் அது ஒவ்வோர் இரவும் ஏறத்தாழ 190 யூனிட் வெப்பம். ஒரு சிலிண்டர் கேஸ் தினமும் மிச்சம் என்று செயற்குழுவில் சொல்லுங்கள், எல்லோருக்கும் புரியும். 28 டிகிரியில் வைக்கும்போது இழப்பு இதைவிடக் கூடும், ஆகவே தெளிநீர் சொன்ன 25 கிலோவாட்டைக் குறைக்க வேண்டாம்.

---

வடவள்ளி வாசி | ஜனவரி 21, மாலை 7.40

பொங்கல் விடுமுறைக்கு முன் ஹீட் பம்ப் பொருத்தியாயிற்று. இயக்கிய மூன்றாம் நாள் ஒரு கலக்கம். இயந்திரத்தின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது, பக்கத்தில் குட்டையே தேங்கிவிட்டது. சுருள் ஓட்டை என்று எல்லோரும் பதறினார்கள். தெளிநீர் அண்ணாவைத் தொலைபேசியில் பிடித்தேன். சொட்டும் தண்ணீரை ஒரு கிண்ணத்தில் பிடித்துக் குளோரின் சோதனைச் சொட்டு விடச் சொன்னார். நிறமே மாறவில்லை. அதே சொட்டைக் குளத்துத் தண்ணீரில் விட்டதும் மஞ்சளாகியது. சொட்டியது காற்றின் ஈரம்தான், குளத்துத் தண்ணீர் இல்லை. இப்போது அதைக் குழாய் வைத்துச் செம்பருத்திச் செடிகளுக்குத் திருப்பிவிட்டிருக்கிறோம்.

தனி மீட்டர் வைத்திருக்கிறோம். கடந்த ஆறு நாள் சராசரி 34 யூனிட். இன்று காலை 6 மணிக்குத் தண்ணீர் 27.8.

மூட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெரியவர் முந்தாநாளிலிருந்து வருகிறார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நான்கு முறை நடந்தார். குழந்தைகள் வகுப்பு திங்கள் நீங்கலாக எல்லா நாளும் 6.30-க்குத் தொடங்குகிறது.

---

நிலாவின் அம்மா | ஜனவரி 22, காலை 6.50

படிக்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. எங்கள் சங்கம் சிறு குளத்தை மாற்றிக் கட்ட ஒப்புக்கொண்டுவிட்டது, கூரை வேலை நடக்கிறது. தெளிநீர் அண்ணா, 13 கிலோலிட்டருக்கும் இதே குழாய் வரிசைதானா? ஹீட் பம்ப் வைக்க எங்களிடம் இருப்பது கட்டடத்துக்கும் மதில் சுவருக்கும் நடுவே ஒரு மீட்டர் சந்து மட்டும்.

---

தெளிநீர் | ஜனவரி 22, காலை 8.15

குழாய் வரிசை அதேதான் அம்மா. ஒரு மீட்டர் சந்தில் விசிறி மதிலைப் பார்த்து ஊதினால் குளிர்காற்று முட்டித் திரும்பிவிடும். காற்றை மேல்நோக்கி ஊதும் வகையைக் கேட்டு வாங்குங்கள், அல்லது கூரையின் மேல் வைத்துக் குழாயை நீட்டலாம். சந்தின் படத்தையும் அளவையும் இங்கே இடுங்கள், வாங்குவதற்கு முன் பார்த்துச் சொல்கிறேன்.